போச்சு என்று சொல்ல வராதவர்

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில், ஒரு உரக்கடைக்கு மாடியில் அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நல்ல வேலைக்காரர், பொறுமைசாலி. ஒரே ஒரு குறை, கெட்ட சேதி சொல்ல அவருக்கு வாய் வராது. தயங்கித் தயங்கிக் கடைசியில் சொல்லிவிடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். அடியோடு வராது. சிலருக்கு விசில் அடிக்க வராதில்லையா, அந்த மாதிரி.

சொல்வதற்குப் பதிலாக வாங்கிக் கொடுப்பார். டீ மட்டும் வந்தால் சின்னக் கோளாறு, ஃபேனில் தூசி அடைத்திருக்கும். டீயோடு போண்டாவும் வந்தால் உள்ளே ஏதோ எரிந்திருக்கிறது என்று அர்த்தம். பரோட்டா வந்தால் ஹார்டு டிஸ்க்கே காலி. எதிர் டீக்கடைக்காரருக்கு இது அத்துப்படி. மாடியிலிருந்து குரல் வந்ததும், எந்த மவராசன் வீட்டில் இழவோ என்று உச்சுக்கொட்டிக்கொண்டேதான் போண்டாவைப் பொட்டலம் கட்டுவார். உள்ளூர்க்காரர்கள் அவர் பரோட்டா சொன்னதுமே, வேண்டாம் சார், எனக்குப் பசியே இல்லை என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். வெளியூர்க்காரர்கள்தான் பாவம். வயிறு நிறையச் சாப்பிட்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு கடையா என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு என்று நேராகக் கேட்டாலும் பதில் வராது. 'தூங்குதுங்க' என்பார். 'யோசிச்சிக்கினு இருக்குது' என்பார். ரொம்ப முற்றிப் போயிருந்தால், 'கொஞ்சம் களைச்சிருக்குது பாவம்' என்பார். திருக்கோவிலூர் வாத்தியார் ஒருவர் இந்தத் தூங்குகிற கதையை நம்பி, வாராவாரம் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, எழுந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வந்தபோதெல்லாம் பரோட்டா. வாத்தியாருக்குத் தொப்பையே போட்டுவிட்டது.

அதையும் கடைசியில் போட்டு உடைத்தது கடைக்காரரின் மனைவிதான். கடையின் மறுபாதியில் அந்த அம்மா தையல் மிஷின் போட்டிருந்தார். கெட்ட சேதி சொல்கிற இலாகா முழுக்க அவர் கையில். புருஷன் வாடிக்கையாளரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தபடி, தலையைக்கூடத் தூக்காமல், "அது போச்சுங்க. புதுசு வாங்கிக்குங்க" என்பார். இரண்டே வரியில் காரியம் முடிந்துவிடும். வாத்தியார் விஷயத்தில், அவர் புருஷனின் சிநேகிதர் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாராம். அந்த அம்மா மட்டும் இல்லையென்றால் கடையை எப்போதோ இழுத்து மூடியிருப்பார்கள்.

அவரைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. அந்த அம்மாவே எனக்கு ஜாக்கெட் அளவெடுத்துக்கொண்டே சொன்னது. கல்யாணம் ஆன புதிதில், இவர்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். சாவு சொல்லி வர ஆளுக்கு ஒரு ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். செல்போன் இல்லாத காலம். இவருக்கு விழுந்தது சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம். சாவு சொல்லப் போனவன் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்ப வேண்டும், அதுதான் முறை. இவர் போனார். வாங்க மாப்பிள்ளை என்றார்கள், உள்ளே போனார். இலை போட்டார்கள், உட்கார்ந்தார். கோழி அடித்தார்கள், இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். கிளம்பும்போது, 'வேற ஒண்ணும் இல்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது கருமாதிக்கு. சொந்தம் ஒன்று அதோடு முறிந்தது. முறிந்ததைக்கூட இவர் மனைவியிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் என் பிழைப்பே ஒருநாள் போய் மாட்டிக்கொண்டது.

நானும் என் வீட்டுக்காரரும் கச்சிராயபாளையத்தில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தோம். அவர் கேமரா, நான் மிக்ஸிங். மிக்ஸிங் என்றால், எடுத்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மாப்பிள்ளை பெண் மேல் ரோஜாப்பூ கொட்டவைத்துச் சிடியாகப் போட்டுக் கொடுக்கிற வேலை. முகூர்த்த மாதத்தில் டேப்புக்குத் தட்டுப்பாடு. அதனால் ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அதே டேப்பை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடிவிடுவோம். பழையதன் மேல் புதிது பதிந்துவிடும். நாங்கள் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்து ஸ்டூடியோ எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். ஆகவே கல்யாணம் முழுக்க இருப்பது அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

கரண்ட் எப்போது போகும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாத வருஷங்கள் அவை. அதற்காகவே யூபிஎஸ் வாங்கி வைத்திருந்தோம். வாங்கினது எனக்கு, அனுபவித்தது என் மாமியார். கரண்ட் போனால் சீரியல் பாதியில் நின்றுவிடுகிறது என்று அதை வீட்டுக்குத் தூக்கிப் போய் டிவியில் மாட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பாரா? கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று நான் வெள்ளிமலைக் கல்யாணம் ஒன்றை மிக்ஸிங் செய்துகொண்டிருந்தபோது, கரண்ட் போய், வந்து, திரும்பவும் போனது. அப்புறம் சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. நீலத் திரையில் என்னென்னவோ வெள்ளை எழுத்து, உடனே அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து அதே கூத்து.

வெள்ளிமலைக்காரர்கள் எங்களை நம்பிக் கொடுத்த முதல் கல்யாணம் அது. ஃபோட்டோ வேண்டாம், வீடியோ மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள். மலையில் யார் வீட்டிலும் அதுவரை கல்யாண வீடியோ எடுத்ததில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் டிவி வைத்து ஊருக்கே போட்டுக் காட்டப் போகிறோம் என்று பெண்ணின் அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இது நன்றாக அமைந்தால் மலையில் இருக்கிற கல்யாணமெல்லாம் எங்களுக்கு வரும். சொதப்பினால் மலை ஏறிப் பஞ்சுமிட்டாய்கூட விற்க முடியாது.

வீட்டுக்காரர் மொபெட்டில் கொண்டுவிட, சிபியூவை மடிமேல் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். மாடிப்படி ஏறியதும் முதலில் பார்த்தது தையல் மிஷினைத்தான். உறை போட்டு மூடியிருந்தது. அந்த அம்மா தங்கை பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாராம், வர இரண்டு வாரம் ஆகுமாம்.

அவர் பெட்டியைத் திறந்தார், திருகாணிகளைச் சோப்புப் பெட்டியில் போட்டு வைத்தார், இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக டீ சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் யோசித்து, ஜன்னலுக்குத் திரும்பப் போய், போண்டாவும் சொன்னார். வந்த மூச்சு நின்றுவிட்டது.

மற்ற கடைக்காரர்களாக இருந்தால் ஃபார்மேட் அடித்துவிடலாம் என்று எடுத்த எடுப்பில் சொல்லியிருப்பார்கள். அடித்தால் பெட்டி ஓடும், உள்ளே ஒன்றும் இருக்காது. இவர் அந்த வார்த்தையையே சொல்ல மாட்டார், அதுவும் கெட்ட வார்த்தை இல்லையா. கல்யாணமெல்லாம் போய்விட்டதா என்று நான் கேட்டதற்கு, எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்: "மண்டபத்துல ஜனம் எல்லாம் அப்பிடியேதாங்க இருக்குது. எந்தக் கல்யாணம் எந்த ஹால்லன்னு வாசல்ல எழுதி வச்சிருப்பாங்க இல்ல, அந்த போர்டுதான் வுழுந்து கெடக்குது. உள்ள பூந்து ஒவ்வொருத்தரையா கேக்கணும்."

டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினார். எதையும் சரி செய்யப் போகுமுன், படிக்க முடிகிறதையெல்லாம் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தார். அவசரப்பட்டுச் சரி செய்யப் போய் இருப்பதையும் கெடுத்துவிடக் கூடாது என்றார். அதற்கே அன்றைய பொழுது போய்விட்டது. மறுநாள்தான் அந்த நகலில் பழுது பார்க்கிற புரோகிராமை ஓடவிட்டார். அதில் சதவீதம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பிரசவ வார்டு வாசலில் நிற்பது எவ்வளவோ மேல்.

நானும் பெண்ணின் அண்ணனும் சேர்ந்துதான் அடுத்த நாள் போனோம். அவர் வெள்ளிமலைக்கும் கீழே ஊர்களுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். சிடி ஆயிற்றா என்று ஸ்டூடியோவுக்கு வந்தவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கூட்டிப் போனேன். உள்ளே கல்யாணமெல்லாம் திரும்பி வந்திருந்தது, ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. நான் பூவும் பாட்டும் சேர்த்து முடித்ததும் சேர்க்காததுமாக, வெறும் நம்பர் போட்ட துண்டு துண்டாகக் குவிந்து கிடந்தது. நாலு கல்யாணம், ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு காதுகுத்து எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, யாருடையது என்று பிரிக்க வேண்டும்.

அண்ணன்தான் பிரித்தார். என்ன கண் ஐயா அது. பாதி முதுகு தெரிந்தால் போதும், "இது எங்க மாமன்" என்பார். ஒரு கை சாம்பார் வாளியோடு போனால், "இது நம்மளுது. அந்தக் கையி பந்தியில எனக்கு ஊத்தவே இல்ல" என்பார். ஒரு ஆடு வந்தது. அதையும் நிறுத்திப் பார்த்து, எங்கள் ஆடு இல்லை, அடுத்ததைப் போடுங்கள் என்றார். சின்னசேலத்து மாப்பிள்ளை ஒருவர் நாதஸ்வரத்தோடு நடுவில் நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குச் சொந்தக்காரர் போல ஆகிவிட்டார். நாங்கள் மூவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மத்தியானம் அண்ணனுக்கு ஜீப் சவாரி வந்தது. எல்லாம் கிடைத்துவிட்ட மாதிரிதான் என்று நிம்மதியாக எழுந்தவர், ஞாயிற்றுக்கிழமை தானே வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மிச்சத்தை நாங்கள் இருவரும் ஓட்டினோம். பெண் அழைப்பு இருந்தது, பந்தி இருந்தது, பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்புவது இருந்தது. தாலி கட்டுவது மட்டும் இல்லை. கடைசித் துண்டு அதுதான். ஓட்டினால் பச்சைப் பச்சையாகக் கட்டம் விழுந்தது, யாரோ கையைத் தூக்குவது போலிருந்தது, அதோடு உறைந்து நின்றது.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். அவருக்குத் தெரிந்த புரோகிராம் எல்லாம் ஓட்டினார், பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படிக்கவைத்தார். சனிக்கிழமை நான் போனபோது மேஜைமேல் ஒரு பொட்டலம் எனக்காகக் காத்திருந்தது. பிரித்தேன். பிரியாணி. அந்தக் கடையின் சரித்திரத்தில் யாருக்கும் வந்திராத பிரியாணி.

நான் கையை வைக்கவில்லை. வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றேன். தயிர்ப் பச்சடி இன்னொன்று வாங்கட்டுமா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு, நாளைக்கு நீங்களும் வெள்ளிமலைக்கு வருகிறீர்கள், அந்த ஜனத்துக்கு முன்னால் நீங்களே சொல்கிறீர்கள், நான் சொல்ல மாட்டேன் என்றேன். மனிதர் கதவுப் பக்கம் பார்த்தார். ஆனால் மாட்டேன் என்று சொல்வதும் ஒரு கெட்ட சேதிதானே. அதுவும் அவருக்கு வரவில்லை. தலையாட்டிவிட்டார்.

மலைப்பாதை முழுக்க ஜீப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தார். போய் இறங்கினால் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. டிவிக்கு மாலை போட்டிருந்தார்கள். மறுவீட்டுக்கு வந்திருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் நாற்காலியில். இவர் கம்ப்யூட்டரைப் பிழைக்கவைத்தவர் என்று அண்ணன் சொன்னதும் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் எழுந்தார். மலையில் இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டார். சொன்னார்கள். சாமை எப்படி விளைந்தது என்று கேட்டார். அதையும் சொன்னார்கள். மரவள்ளிக்கு என்ன விலை போகிறது என்றார். அதற்கு நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கேமராப் பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பெண்தான் கண்டுபிடித்தாள். இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அண்ணா, இன்னாத்தயோ வாயில வச்சிக்கினு முழுங்கிக்கினு இருக்கீங்க. சொல்லிடுங்க" என்றாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"தாலி கட்டுனது போயிடுச்சும்மா. என்னால ஆனத எல்லாம் செஞ்சி பாத்துட்டேன். வரல. போச்சு."

எங்கள் ஸ்டூடியோவின் ஷட்டர் இறங்குகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. பிறகு பெண்ணின் மாமா ஒருவர், அதனால் என்ன, இப்போதே இன்னொரு முறை கட்டி எடுத்துக்கொண்டால் போகிறது என்றார். கட்டின கழுத்திலேயே திரும்பக் கட்டினால் என்ன கணக்கு, இரண்டாம் கல்யாணமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அப்படியானால் இன்னொரு விருந்து உண்டா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பெண் எழுந்து நின்றாள். "நான் ஒரு தபா குனிஞ்சாச்சு. இன்னொரு தபா வேணும்னா அவுரு குனியட்டும்" என்றாள்.

மாப்பிள்ளை இருக்கிறாரே, அவரைத்தான் மெச்ச வேண்டும். யாரும் சொல்லாமலே கழுத்தை நீட்டிக் குனிந்துவிட்டார். அவள் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றி, நிதானமாக மூன்று முடிச்சுப் போட்டாள். சிரிப்பில் அந்த வாசலே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு கிழவி குலவை போட, பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் சொல்லாமல் கேமராவை எடுத்திருந்தார். அன்று கையில் இருந்த மிச்சத்தை டிவியில் போட்டுக் காட்டினோம்; பிறகு அந்தத் துண்டுக் காட்சியைத் தாலி கட்டும் இடத்தில் வைத்துத்தான் சிடி கொடுத்தோம். அதற்குப் பிறகு மலையில் எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், அந்த மாதிரி ஒன்று எங்களுக்கும் எடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது திரும்பி வந்த கதையை. ஜீப் இறங்க ஆரம்பித்து இரண்டாவது வளைவுகூட வரவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அண்ணனிடம், "உங்க பிரேக்கு ஒரு பக்கமா இழுக்குதுங்க. ஏறும்போதே பாத்தேன்" என்றார். அடுத்த வளைவில் என் வீட்டுக்காரரிடம், பந்தியை எடுக்கும்போது கேமரா ஆடுவதில்லை, தாலி கட்டும்போதுதான் ஆடுகிறது, அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வாழ்நாள் முழுக்க அடைத்து வைத்திருந்தது அன்று மதகு திறந்துவிட்டது. அண்ணனின் மீசை ஒரு பக்கம் தூக்கலாக இருப்பதைச் சொன்னார். உரக்கடைக்காரரைப் பற்றி, அவர் அங்கே இல்லாவிட்டாலும், சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

ரோஜாப்பூ கொட்டுவதில் பெண்ணின் முகமே தெரியவில்லை என்றார். பந்திக்கு எதற்கு நட்சத்திரம் மின்னுகிறது என்றார். இதய வடிவத்துக்குள் மாமனாரைத் தனியாக வைத்திருக்கிறீர்களே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலை ஒவ்வொன்றையும் மலையிலிருந்து உருட்டிவிட்டுக்கொண்டே வந்தார். மலையடிவாரத்துக் கோமுகி அணை கண்ணில் பட்டபோது என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

"வேற?" என்றேன். வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"வேற ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பொண்ணு வூட்ட வுட்டுக் கெளம்புற எடத்துல பாட்டு போடாம வுட்டிருந்தீங்க பாருங்க, அதுக்கு முன்ன எடுத்த கல்யாணத்துலயும் அப்பிடிதான் வுட்டிருந்தீங்க. அது நல்லா இருந்துது. கடையில தனியா ரெண்டு தபா போட்டுப் பாத்தேன்" என்றார்.

அந்த இடத்தில் பாட்டு எங்கே என்று என்னிடம் சண்டை போட்டவர்கள்தான் அதிகம். அவரும் அதற்கு முன்னால் என் வேலையை எத்தனையோ தடவை நல்லா இருக்குது என்று சொல்லியிருக்கிறார். எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறவர் என்பதால் காதில் போட்டுக்கொண்டதில்லை. அன்றைக்குத்தான் நம்பினேன். வீடு வந்து சேரும்வரை அதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன்.